எலியிலிருந்து குவளை வரை: குடிநீர் குறித்த நல்வாழ்வு ஆய்வுகளை வாசிக்கும் முறை

குடிநீரில் ஒரு பொருள் கலந்திருக்கிறது, அது உடலுக்குக் கேடு செய்கிறது என்று சொல்லும் எந்தச் செய்தியை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் குறைந்தது மூன்று தனித்தனி வேலைகள் இருக்கும். ஒருவர் நீரை அளந்திருப்பார். இன்னொருவர் அப்பொருளை ஏதோ ஒரு விலங்குக்குக் கொடுத்துப் பார்த்திருப்பார். வேறொருவர் அந்நீரைக் குடித்த மக்களிடையே நோய்க் கணக்கு எடுத்திருப்பார். இம்மூவரும் வெவ்வேறு துறையினர். அவர்களுடைய அளவுகோல்களும் வேறு, அவர்கள் உறுதியாகச் சொல்லக்கூடியவையும் வேறு. செய்தியோ மூன்றையும் ஒரே வாக்கியமாக ஒட்டிவிடுகிறது. அந்த ஒட்டைப் பிரித்து, எந்தக் கூற்று எந்த வேலையின் மேல் நிற்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்வதே இத்துறையில் புதிதாக நுழையும் வாசகர் முதலில் செய்யவேண்டியது. அதற்கு அறிவியல் பட்டம் தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்து, சற்றுப் பொறுமையும் இருந்தால் போதும்.

மூலக் கட்டுரையிலிருந்து தொடங்குதல்

செய்தியில் ஆய்விதழின் பெயர், ஆய்வாளர் பெயர், ஆண்டு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கும். அவற்றைக் கொண்டு பப்மெட் என்னும் இலவசத் தேடுதளத்தில் மூலக் கட்டுரையைக் கண்டுபிடித்துவிடலாம். சுருக்கம் எல்லாக் கட்டுரைகளுக்கும் ஏறத்தாழக் கிடைக்கும். முழு வடிவம் பலவற்றுக்கு இலவசமாகவே கிடைக்கும். சக வல்லுநர்கள் இன்னும் மதிப்பிடாத முன்பதிப்பு என்றால் அது முதல் பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். முன்பதிப்பு என்பதாலேயே ஒன்றை ஒதுக்கவேண்டியதில்லை, ஆனால் அதன் எண்களை இறுதியானவையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டுரை கைக்கு வந்ததும் முடிவுரைக்குத் தாவாமல், ஆய்வுமுறை என்ற பகுதியை முதலில் வாசிப்பது நல்லது. அப்பகுதி சலிப்பூட்டுவதுதான். ஆனாலும் யாரிடம், எதை, எவ்வளவு, எத்தனை நாள், எதனோடு ஒப்பிட்டு என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. முடிவுரை என்பது ஆய்வாளர் தம் எண்களுக்குக் கொடுக்கும் விளக்கம் மட்டுமே. எண்களை நாமே பார்த்த பிறகு அந்த விளக்கத்தைப் படித்தால், அது எங்கே தன் எல்லையை மீறுகிறது என்பது தெரியத் தொடங்கும்.

அலகுகளைச் சரிபார்த்தல்

குடிநீர் ஆய்வுகளில் நேரும் குழப்பங்களில் பாதி அலகுக் குழப்பமே என்று துணிந்து சொல்லலாம். நீரிலுள்ள பொருளின் செறிவு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றோ மைக்ரோகிராம் என்றோ தரப்படும். ஒரு மில்லிகிராம் ஆயிரம் மைக்ரோகிராம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது நீரைப் பொறுத்தவரை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்; நூறு கோடியில் ஒரு பங்கு என்பது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி மதிப்பு ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக்குக்கு 10 மைக்ரோகிராம். இரண்டையும் ஒரே அலகில் எழுதினால் 1,500 என்றும் 10 என்றும் வரும். அலகைக் கவனிக்காமல் 1.5, 10 என்று மட்டும் பார்ப்பவருக்கு ஆர்சனிக்தான் தாராளமாக அனுமதிக்கப்பட்டிருப்பதாகத் தோன்றிவிடும்.

இதைவிட நுட்பமான பொறி நைட்ரேட்டில் இருக்கிறது. சில ஆய்வகங்கள் நைட்ரேட் முழுவதையும் நிறுத்து எழுதுகின்றன. சில, அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எழுதுகின்றன. லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பதும் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் என்பதும் ஒன்றே. உலக சுகாதார நிறுவனம் முதல் முறையில் 50 என்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இரண்டாம் முறையில் 10 என்கிறது. ஆகவே, 'நைட்ரஜனாக 12' என்று அறிக்கையில் இருந்தால், 50-ஐவிட எவ்வளவோ குறைவு என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அதை 4.43-ஆல் பெருக்கினால் 53 வருகிறது. அது வரம்பைக் கடந்த நீர். புட்டிப்பால் குடிக்கும் இளங்குழந்தைகளின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும் மெதமோகுளோபின் நோயை முன்வைத்தே இவ்வரம்பு வகுக்கப்பட்டது என்பதால், அலகில் நேரும் தவறு சிறிதானது அல்ல.

விலங்கு ஆய்வுகளிலோ செறிவு என்ற அளவு போதாது. அங்கே உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம் என்றே பேசவேண்டும். இந்த இரண்டு மொழிகளுக்கும் இடையே கணக்குப் போட்டுப் பார்க்காத செய்திகளே வாசகரை வீணாக அச்சுறுத்துகின்றன. கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பொருளை எலிகளுக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் கொடுத்ததில் கல்லீரல் பாதிக்கப்பட்டது. அதே பொருள் குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் எலிக்குக் கொடுத்த வீதத்தை அடைய நாளொன்றுக்கு 30,000 மில்லிகிராம் உட்கொள்ளவேண்டும்; அதாவது 6 லட்சம் லிட்டர் நீர். சிறிய விலங்கின் உடல் பொருள்களை விரைவாகச் செரித்து வெளியேற்றுவதால், மருந்தியலில் எலியின் அளவை 6.2-ஆல் வகுத்து மனிதருக்கு ஈடான அளவைக் கணிக்கும் வழக்கம் உண்டு. அப்படித் திருத்தினாலும் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் வருகிறது. அந்தப் பொருள் தீங்கற்றது என்று இக்கணக்கு நிறுவவில்லை. அந்த எலி ஆய்வை மட்டும் வைத்து இந்தக் குடிநீரைக் குறைசொல்ல முடியாது என்பதை மட்டுமே காட்டுகிறது.

எந்த விலங்கு, ஏன் அந்த விலங்கு

விலங்கு ஆய்வு என்றாலே நம்பக் கூடாது என்பாரும், எலிக்கு நேர்ந்தது நமக்கும் நேரும் என்பாரும் ஒரே தவறைத்தான் இரு பக்கமிருந்தும் செய்கிறார்கள். கேட்கவேண்டியது, குறிப்பிட்ட அந்தப் பொருளை குறிப்பிட்ட அந்த விலங்கின் உடல் நம் உடலைப் போலவே கையாள்கிறதா என்பதுதான். பாரசிட்டமால் மனிதருக்கு அன்றாட மருந்து. அதைப் பிணைத்து வெளியேற்றும் நொதி பூனையிடம் போதிய அளவு இல்லாததால் பூனைக்கு அது நஞ்சு. தாலிடோமைடு மருந்து கருவில் உண்டாக்கிய உறுப்புக் குறைபாட்டை எலிகளும் சுண்டெலிகளும் பெரிதும் காட்டவில்லை. சில முயல் இனங்கள் காட்டின.

விலங்கும் மனிதரும் எதிரெதிரே நின்ற இரு வழக்குகளைப் புதிய வாசகர் அறிந்துகொண்டால் போதும், இப்பகுதி முழுவதும் விளங்கிவிடும். முதலாவது, சாக்கரின் என்னும் செயற்கை இனிப்பூட்டி. உணவில் நூற்றுக்கு ஐந்து பங்கும் அதற்கு மேலும் சோடியம் சாக்கரின் கலந்து ஊட்டப்பட்ட ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வந்தன. அமெரிக்காவில் பொட்டலங்களின் மேல் எச்சரிக்கை வாசகம் அச்சிடப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் காரணத்தைக் கண்டன: எலியின் சிறுநீரின் தனித்தன்மையால் அதில் கால்சியம் பாஸ்பேட் படிவுகள் உண்டாகி, அவை சிறுநீர்ப்பையின் உட்சுவரை அரிக்க, சேதமடைந்த செல்கள் மீண்டும் மீண்டும் பெருகியதே கட்டிக்கு வழிவகுத்தது. மனிதரின் சிறுநீரில் அந்நிலை ஏற்படுவதில்லை. 1999-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சாக்கரினைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்த இயலாதவற்றின் பட்டியலுக்கு மாற்றியது.

இரண்டாவது வழக்கு ஆர்சனிக். இது நேர்மாறானது, குடிநீருக்கு மிக நெருக்கமானதும்கூட. வழக்கமான விலங்குச் சோதனைகளில் ஆர்சனிக் நெடுங்காலம் புற்றுநோயைத் தெளிவாகக் காட்டவில்லை. எலியின் இரத்தச் சிவப்பணுக்கள் ஆர்சனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன; அதனால் எலி இதற்கு மிக மோசமான மாதிரி. எலியை மட்டும் நம்பியிருந்தால் ஆர்சனிக் கலந்த நீரைக் குற்றமற்றதாக விட்டிருப்போம். தைவானின் தென்மேற்குக் கரையிலும் வட சிலியிலும் வங்கதேசத்திலும் அந்நீரைக் குடித்த மக்களிடம் எடுக்கப்பட்ட கணக்குகளே உண்மையை வெளிக்கொணர்ந்தன. வட சிலியின் அந்தோஃபகாஸ்தா நகரம் 1958 முதல் 1970 வரை லிட்டருக்குச் சுமார் 860 மைக்ரோகிராம் ஆர்சனிக் கொண்ட ஆற்றுநீரைக் குடித்தது. சுத்திகரிப்பு நிலையம் வந்தபின் செறிவு சரிந்தது; ஆனால் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களால் நேர்ந்த இறப்புகள் பல பத்தாண்டுகள் கழித்தும் அங்கே மிகுந்தே இருந்தன. ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ நடந்த ஆய்வில் தீங்கு காணப்படவில்லை என்று யாரேனும் எழுதினால் இந்நகரத்தை நினைவில் கொள்வது நல்லது.

விலங்கு ஆய்வின் தரத்தை அளக்கவும் எளிய வழி உண்டு. விலங்குகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டது குலுக்கல் முறையிலா, முடிவை அளந்தவருக்கு எந்த விலங்கு எந்தக் குழு என்பது மறைக்கப்பட்டிருந்ததா, எண்ணிக்கை எவ்வாறு முடிவாயிற்று என்ற மூன்றையும் கட்டுரை சொல்கிறதா என்று பாருங்கள். விலங்கு ஆய்வுகளை எப்படி எழுதவேண்டும் என்று வகுத்து 2010-இல் வெளிவந்து 2020-இல் திருத்தப்பட்ட 'அரைவ்' நெறிமுறைகள் கேட்பவற்றுள் இவை அடங்கும். மூன்றில் ஒன்றுகூடச் சொல்லப்படவில்லையெனில், அந்த முடிவை வேறொரு குழு மீண்டும் செய்து காட்டும்வரை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வரம்பு எண் எப்படிப் பிறக்கிறது

எலியிடம் தொடங்கி ஒரு குவளை நீரில் முடியும் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது, பத்துக் கட்டுரைகளை வாசிப்பதைவிடப் பயன் தரும். மறுபடியும் கற்பனையான ஒரு பொருள். விலங்கிடம் எந்தத் தீய விளைவும் காணப்படாத மிக உயர்ந்த அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்க. விலங்கைவிட மனிதர் நுண்ணுணர்வு மிக்கவராக இருக்கக்கூடும் என்பதற்காக 10-ஆலும், மனிதருக்குள்ளேயே குழந்தைகள், முதியோர், நோயுற்றோர் எனச் சிலர் மேலும் எளிதில் பாதிக்கப்படுவர் என்பதற்காக மற்றொரு 10-ஆலும் வகுக்கிறார்கள். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்றாகிறது. வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் தாங்கத்தக்க அளவு என்று இதைக் கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தவருக்கு 60 கிலோ எடையும் நாளொன்றுக்கு 2 லிட்டர் குடிநீரும் என வைத்துக்கொள்கிறது. அதன்படி மொத்தம் 6 மில்லிகிராம். அப்பொருள் உணவு, காற்று வழியாகவும் உடலுக்குள் வரும் என்பதால் இதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நீருக்கு ஒதுக்கினால் 1.2 மில்லிகிராம், அதை 2 லிட்டரால் வகுத்தால், லிட்டருக்கு 0.6 மில்லிகிராம்.

இக்கணக்கில் எத்தனை இடங்களில் மனிதத் தீர்மானம் நுழைந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து ஏன் பத்து என்பதற்கு வசதி ஒரு காரணம்; ஐந்தில் ஒரு பங்கு என்பது வேறு தரவு கிடைக்காதபோது வழக்கமாகக் கையாளும் இயல்பு மதிப்பு. ஆகவே 0.6 பாதுகாப்பானது, 0.7 நஞ்சு என்று வாசிப்பது தவறு. வரம்பை ஒரு நாள் சற்றுக் கடந்தால் உடனே நோய் வரும் என்பதும் இதன் பொருளன்று. அதே சமயம் இந்தத் தாராளம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. ஈயத்துக்குத் தீங்கற்ற ஓர் அடிமட்ட அளவு இதுவரை கண்டறியப்படவில்லை. நைட்ரேட் வரம்போ, நேரடியாகக் குழந்தைகளின் நோய்க் கணக்கிலிருந்து வந்தது, அதில் நூறு மடங்கு இடைவெளி எதுவும் இல்லை.

மனிதரிடம் செய்த ஆய்வு: ஒப்பீடு எங்கே

குடிநீரையும் மனித நோயையும் இணைத்த ஆய்வுகளுள் இன்றும் பாடமாகப் படிக்கத்தக்கது, 1854-இல் இலண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ செய்தது. அவர் கைப்பம்பு ஒன்றின் கைப்பிடியைக் கழற்றச் செய்த கதையே பலரும் அறிந்தது. ஆய்வுமுறை என்ற வகையில் அதே ஆண்டில் அவர் செய்த மற்றொன்றே மேலானது என்பது என் கருத்து. தென் இலண்டனின் ஒரே தெருக்களில் இரண்டு நிறுவனங்களின் குழாய்கள் ஓடின. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் நிறுவனம் நகரக் கழிவு கலக்கும் இடத்திலிருந்து தேம்ஸ் நீரை எடுத்தது. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தன் நீரெடுப்பிடத்தைக் கழிவுக்கு மேலே, ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. ஏழை, பணக்காரர், தொழில், வீட்டின் அளவு ஆகிய எதிலும் வேறுபாடின்றி, அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு நீரைப் பெற்றன. காலராப் பரவலின் முதல் ஏழு வாரங்களில் முதல் நிறுவனத்தின் 40,046 வீடுகளில் 1,263 பேரும், இரண்டாம் நிறுவனத்தின் 26,107 வீடுகளில் 98 பேரும் இறந்தனர். பத்தாயிரம் வீடுகளுக்கு 315, மற்றதில் 37.

இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்கலாம். முதலாவது, ஒப்பீட்டுக் குழு எல்லா வகையிலும் ஒத்திருந்தது. நல்ல நீர் கிடைக்கும் ஊரையும் கெட்ட நீர் கிடைக்கும் ஊரையும் ஒப்பிடும் ஆய்வுகளில் வருமானம், கழிவறை, மருத்துவ வசதி அனைத்தும் சேர்ந்தே வேறுபடும். நோய்க்குக் காரணம் நீர்தானா என்று பிரித்தறிவது அங்கே கடினம். இரண்டாவது, யார் எந்த நீரைக் குடித்தார் என்பதை ஸ்னோ உறுதிசெய்துகொண்டார். குடியிருப்போருக்கே தங்கள் நிறுவனம் எது என்று தெரியாதபோது, நீரை வெள்ளி நைட்ரேட்டால் சோதித்து உப்பின் அளவை வைத்துக் கண்டறிந்தார். கீழ்த் தேம்ஸ் நீரில் உப்பு பல மடங்கு மிகுதி. இன்றைய ஆய்வுகள் பலவற்றின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. கடந்த பத்து ஆண்டில் என்ன நீர் குடித்தீர்கள் என்று நினைவிலிருந்து கேட்டு எழுதிக்கொண்ட பதில்களையே அவை அளவாகக் கொள்கின்றன. மூன்றாவது, இடர் ஏறத்தாழ எட்டு மடங்கு என்பதோடு நில்லாமல், பத்தாயிரம் வீடுகளுக்கு 278 இறப்புகள் கூடுதல் என்றும் இந்த எண்களிலிருந்து சொல்ல முடிகிறது. இன்று 'இருமடங்கு ஆபத்து' என்று படிக்கும்போது எதன் இருமடங்கு என்று கேளுங்கள்; லட்சத்தில் ஒன்று, லட்சத்தில் இரண்டாக உயர்வதும் இருமடங்குதான்.

புள்ளியியல் பகுதியில் தொடக்கநிலை வாசகருக்கு நம்பிக்கை இடைவெளி ஒன்று போதும்; உண்மையான மதிப்பு பெரும்பாலும் எந்த இரு எண்களுக்கு இடையே இருக்கும் என்று காட்டுவது அது. இடர் 1.4 மடங்கு, இடைவெளி 0.8 முதல் 2.3 வரை என்றிருந்தால், இடர் குறையவும் கூடும் கூடவும் கூடும் என்றே அந்தத் தரவு சொல்கிறது.

இன்னொரு சொற்பொறியும் இங்கே உண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் வகையில் ஒரு பொருள் சேர்க்கப்பட்டது என்றால், அது புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று வலுவானது என்று பொருள். எவ்வளவு ஆபத்து என்பது அல்ல. குடிநீரிலுள்ள ஆர்சனிக்கும் மதுபானமும் புகையிலையும் பதப்படுத்திய இறைச்சியும் ஒரே வகையில் இருப்பது இதனால்தான்.

கிருமிகளுக்கு வேறு கணக்கு

வேதிப்பொருள்களைப் பற்றிச் சொன்ன எதையும் கிருமிகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. வேதிப்பொருள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கேடு செய்வது. கிருமியோ ஒரு குவளையிலேயே நோயைத் தரும், உடலுக்குள் பெருகவும் செய்யும். அதனால்தான் ஈ. கோலை பாக்டீரியா 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூடக் காணப்படக் கூடாது என்பது வழிகாட்டி. வெப்ப இரத்த விலங்குகளின் குடலில் வாழும் இது நீரில் தென்பட்டால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள், ஈ. கோலையின் பல வகைகள் தாமே நோய் தராதவை, அவற்றைத் தேடுவது அடையாளத்துக்காகத்தான்.

ஆனால் அடையாளம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றாகாது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியின் தடித்த உறையைக் குளோரின் எளிதில் துளைப்பதில்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரிக்கப்பட்ட குடிநீர் வழியாகவே அது பரவி, ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. அப்போது முன்கூட்டியே தென்பட்ட குறிப்பு நீரின் கலங்கல் உயர்ந்ததுதான். எனவே நுண்ணுயிர்ச் சோதனை அறிக்கையைப் படிக்கும்போது கலங்கல் அளவையும் எஞ்சிய குளோரின் அளவையும் சேர்த்துப் படிக்கவேண்டும். வினியோகப் புள்ளியில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி.

'காணப்படவில்லை' என்ற சொல்லைக் கண்டால், கருவி கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு என்ன என்று பக்கத்தில் தேடுங்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத கருவி ஆர்சனிக் காணப்படவில்லை என்று சொன்னால், அதைக் கொண்டு 10 என்ற வரம்பைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

ஆண்டைப் பார்த்தல்

நிதி தந்தவர் யார், ஆய்வாளருக்கு நலன்முரண் உண்டா என்பவை கட்டுரையின் இறுதியில் இருக்கும். ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். பப்மெட்டில் அக்கட்டுரையின் பக்கத்தில், கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா, திருத்தம் வெளியானதா என்ற அறிவிப்பும் இருக்கும்.

கடைசியாகப் பார்க்கவேண்டியது, கட்டுரை எந்த ஆண்டின் வரம்பைக் கொண்டு நீரை மதிப்பிட்டது என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர்த் தரங்களில் ஆர்சனிக்கின் வரம்பு 1958-இல் லிட்டருக்கு 200 மைக்ரோகிராமாக இருந்தது. 1963-இல் 50 ஆயிற்று. 1993-இல் 10 ஆயிற்று. இன்றும் அந்தப் பத்து 'தற்காலிக' மதிப்பு என்றே குறிக்கப்படுகிறது, ஏனெனில் அதற்கும் கீழே அகற்றுவதும் அளப்பதும் நடைமுறையில் கடினம் என்பதையும் சேர்த்தே அந்த எண் தீர்மானிக்கப்பட்டது. ஆகவே 1985-இல் வெளியான ஓர் ஆய்வு, லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் உள்ள கிணற்றைப் பாதுகாப்பானதாகப் பட்டியலிட்டிருந்தால் ஆய்வாளர் தவறு செய்துவிட்டார் என்று சொல்ல முடியாது; அவர் அளந்த 40-ஐ எடுத்துக்கொண்டு, அவர் எழுதிய 'பாதுகாப்பானது' என்பதை விட்டுவிட வேண்டும்.